இராயப்பரும் பேதுருவும் ஒருவரே

ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் 18-ஆம் நாள் முதல் 25-ஆம் நாள் முடிய உள்ள எட்டு நாட்களும் கிறிஸ்தவ ஒன்றிப்பு மன்றாட்டு வாரமாக உலகின் பல பாகங்களிலும் கடைப்பிடிக்கப்படுகின்றன. 1908-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் பால் வாட்சன் என்னும் குரு இவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அவர் அப்போது ஆங்கிலிக்கச் சபையைச் சேர்ந்தவர். மறு ஆண்டே தம் துறவுக் குடும்பத்தாருடன் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். அந்நாளைய உரோமை நாட்காட்டியில் ஜனவரி 18 இராயப்பரின் தலைமைப்பீடத் திருநாள். 25 சின்னப்பர் மனந்திரும்பிய திருநாள். இரு பெரும் அப்போஸ்தலர்களின் நாட்களை இரு கரைகளாகக் கொண்டு, இடையே மன்றாட்டு என்னும் ஆற்றை ஓடவிட்டார் அந்தக் குரு. 1968 முதல் இவ்வாரத்துக்குரிய செபங்களையும் வாசகங்களையும் உரோமைத் திருப்பீடமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் கூடியே தயாரித்து அளிக்கின்றன.

இவ்வாரம் வரும்போது நம் குடும்பங்கள் என்ன எண்ணுகின்றன? "இது ஆயர்களுக்கும் இறையியல் வல்லுநர்களுக்கும் உரிய காரியம், அவர்கள் பேசி முடிக்கட்டும், நமக்கென்ன?" என்று எண்ணுவோர் பலர். அதுபோலவே, "நற்செய்தி அறிவிப்பது சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் உபதேசியார்களுக்கும் விடப்பட்ட வேலை" என்று ஒதுங்குவோரும் பலர். இவ்விரு எண்ணங்களும் ஒரு கொடியில் காய்த்த இரு காய்கள் என்பதே நம் கருத்து. விசுவாசத்தைப் பிறரோடு பகிர்வதும் விசுவசிப்போர் ஒன்றாயிருப்பதும் இரு வேறு கடமைகள் அல்ல. ஒன்றைக் கைவிட்டவர் மற்றொன்றையும் கைவிட்டவரே.

இது நாம் சொந்தமாகக் கண்டுபிடித்த தத்துவமன்று. நம் ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் தம் சீடர்களுக்காகத் தந்தையை நோக்கி மன்றாடினார். அம்மன்றாட்டை அருளப்பர் தம் நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். தம்மில் விசுவாசம் கொள்வோர் யாவரும் ஒன்றாயிருக்க வேண்டுமென்று கேட்ட ஆண்டவர், எதற்காக என்பதையும் உடனே சொன்னார்: தந்தையே தம்மை அனுப்பினார் என்று உலகம் நம்புவதற்காக. ஒற்றுமை நம் மன நிம்மதிக்காகவோ நிர்வாக வசதிக்காகவோ கேட்கப்படவில்லை. நாம் பிரிந்து நின்றால் நம்மைச் சுற்றியுள்ளவர்களுக்கு நற்செய்தி காதில் விழாது என்பதற்காகவே கேட்கப்பட்டது.

இதை ஒரு முதிய உழவர் நமக்கு விளங்கவைத்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர்.

தென் மாவட்டத்தில் நாம் சில ஆண்டுகள் பங்குப் பணியாற்றிய ஊரில் ஒரே தெருவின் இரு முனைகளிலும் இரண்டு ஆலயங்கள் உண்டு. மேற்கு முனையில் நம்முடையது, புனித இராயப்பர் ஆலயம். கிழக்கு முனையில் தென்னிந்தியத் திருச்சபையாருடையது, தூய பேதுரு ஆலயம். நம் ஆலயத்தில் ஜூன் மாதம் கொடியேற்றமும் சப்பரமும் நடக்கும். அங்கே ஆண்டுதோறும் பண்டிகையும் அசன விருந்தும் நடக்கும். அவ்வுழவர் இரண்டுக்கும் தவறாமல் வருவார். நம் சப்பரத்துக்கு வாழைமரம் வெட்டித் தருவார். அவர்கள் அசனத்துக்குக் கத்தரிக்காய் அனுப்புவார். ஆனால் இரு தெருமுனையாரும் ஒருவர் விழாவுக்கு மற்றவர் போகும் வழக்கம் அந்நாளில் இல்லை.

ஒருநாள் மாலை அவர் நம் பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "சாமி, ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். உங்கள் கோயில் இராயப்பருக்கும் அந்தக் கோயில் பேதுருவுக்கும் ஏதும் பங்காளித் தகராறா?" என்று கேட்டார். இருவரும் ஒருவரே, ஆண்டவர் தெரிந்துகொண்ட மீனவர் ஒருவருக்கே இந்த இரு பெயர்களும் வழங்குகின்றன என்று விளக்கினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரே ஆள்தானா? அது தெரியாமலா இத்தனை வருஷம் இரண்டு பக்கத்துக்காரர்களும் முறைத்துக்கொண்டு இருந்தார்கள்?" என்றார்.

அன்பர்களே, அவர் கேலி செய்யவில்லை. அறுபது ஆண்டுகள் கிறிஸ்தவர்களுக்கு இடையே வாழ்ந்த ஒருவர், கிறிஸ்தவர்களைப் பற்றிக் கற்றுக்கொண்டது இவ்வளவே. இரண்டு ஆலயங்களிலும் ஞாயிறுதோறும் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கம் செய்தோம். அப்பிரசங்கங்களில் ஒரு சொல்லும் அவரிடம் தங்கவில்லை. நம் பிணக்கு மட்டும் தங்கியிருந்தது.

இந்த இரு பெயர்கள் எப்படி வந்தன? அந்த வரலாறு நம் குடும்பங்கள் அறியவேண்டியது.

தமிழ் எழுத்தில் கிறிஸ்தவ நூல் முதன்முதலாக அச்சேறியது 1578-ஆம் ஆண்டு, கொல்லத்தில். சேசு சபைக் குருவாகிய அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் அது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் போன்ற குருக்கள் வழிவழியாக உழைத்துத் தமிழில் ஒரு ஞானச் சொல்லகராதியையே உண்டாக்கினர். சில சொற்களைப் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து ஒலிமாற்றிக் கொண்டனர். 'சேசு' என்பதும் 'இஸ்பிரீத்து சாந்து' என்பதும் அவ்வாறு வந்தவை. சில பெயர்களைப் பொருள் நோக்கித் தமிழாக்கினர். பவுல் என்னும் பெயர் சிறியவர் என்று பொருள்படுதலால் சின்னப்பர் என்றனர். யோவான் என்னும் பெயரில் இறைவனின் அருள் குறிக்கப்படுதலால் அருளப்பர் என்றனர். இறைவனைச் சர்வேசுரன் என்றனர்.

1706-இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். லுத்தரன் சபையைச் சேர்ந்த அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அது அச்சேறியது. இந்திய மொழிகளில் முதன்முதல் அச்சான புதிய ஏற்பாடு அதுவே. அவர் வழிவந்தோர் கிரேக்க, எபிரேய ஒலிகளைத் தழுவி இயேசு, பேதுரு, பவுல், யோவான் என்றனர். இறைவனைப் பராபரன் என்றும் பிற்காலத்தில் தேவன் என்றும் அழைத்தனர். நாம் சூசையப்பர் என்றவரை அவர்கள் யோசேப்பு என்றனர். நாம் யாகப்பர் என்றவரை யாக்கோபு என்றனர்.

பெயர்கள் வேறுபட்டதோடு நில்லாமல் நெஞ்சங்களும் வேறுபட்டன. தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவர், தரங்கம்பாடியாரை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' முதலிய நூல்களை எழுதினார். அக்காலத்து விவாதம் இரு பக்கமும் கூரியது. நம் முன்னோர் அவர்களைப் 'பதிதர்' என்றனர். அவர்கள் நம்மை 'விக்கிரக ஆராதனைக்காரர்' என்றனர். இவ்வசைச் சொற்கள் இரு சாராரின் வீடுகளிலும் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டப்பட்டன.

ஆயினும் இவ்வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. சீகன்பால்கு ஐயர் 1708-இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் கத்தோலிக்கர் இயற்றிய தமிழ் நூல்களுக்கும் இடம் அளித்தார். கிறிஸ்தவ உண்மைகளைத் தமிழில் சொல்லத் தேவையான சொற்களை அந்நூல்களிலிருந்தும் அவர் கற்றுக்கொண்டார். பிணங்கிய காலத்திலும் ஒரு வீட்டுக் கிணற்றில் மறு வீட்டார் தண்ணீர் எடுத்தனர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

நற்செய்தியை எடுத்துச் செல்வோரே பிரிவினையின் சுமையை முதலில் உணர்வர். தமிழகத்தின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்திய ஆயராகத் தோர்ணக்கலுக்கு நியமனம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அவ்வாறு உணர்ந்தவர். தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களில் ஏழை மக்களிடையே உழைத்த அவர், ஒரே ஆண்டவரை அறிவிக்கப் பல பெயர்ப்பலகைகளோடு செல்வது எவ்வளவு பெரிய தடை என்பதைக் கண்கூடாகக் கண்டார். 1919-ஆம் ஆண்டு மே மாதம் அதே தரங்கம்பாடியில் 33 சபை ஊழியர்கள் கூடினர். இருவர் தவிர ஏனையோர் இந்தியர். இந்நாட்டில் கிறிஸ்துவை அறிவிக்கும் பணிக்குத் தங்கள் பிரிவினைகளே முட்டுக்கட்டை என்றும், அப்பிரிவினைகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்றும் அவர்கள் அறிக்கையிட்டனர். இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சும் மன்றாட்டும் தொடர்ந்தன. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அசரியா ஆயர் அந்நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாளே இறைவனடி சேர்ந்தார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

கத்தோலிக்கராகிய நாம் அப்போது ஒதுங்கியே நின்றோம். நம் பக்கத்துச் சாளரத்தைத் திறந்தவர் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர். அவர் பொதுச்சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்தது 1959 ஜனவரி 25-ஆம் நாள். ஒன்றிப்பு வாரத்தின் நிறைவு நாள். இடம், உரோமையில் சின்னப்பரின் பேராலயம். பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21-இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. பிரிவினை கிறிஸ்துவின் திருவுளத்துக்கு முரணானது, உலகுக்கு இடறலானது, நற்செய்தி அறிவிப்புக்கு ஊறு விளைப்பது என்று அதன் தொடக்கத்திலேயே கூறுகிறது. முறைப்படி திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்துவில் விசுவாசம் கொண்டோரை நாம் ஆண்டவரில் சகோதரர் என்றே மதிக்கவேண்டும் என்றும் கற்பிக்கிறது. 'பதிதர்' என்னும் சொல்லுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது.

தமிழ்நாட்டில் இதன் அருமையான கனி ஒன்றை நம் கண்ணாலேயே கண்டோம். கத்தோலிக்க அறிஞரும் பிற சபை அறிஞரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக ஆய்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. அப்போது நாம் குருமடத்தில் இறையியல் மாணவராயிருந்தோம். சர்வேசுரனும் தேவனும் அதில் 'கடவுள்' ஆயினர். இஸ்பிரீத்து சாந்துவும் பரிசுத்த ஆவியும் 'தூய ஆவி' ஆயினர். நாம் ஏற்கும், அவர்கள் திருமுறையில் சேராத நூல்கள் 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற தலைப்பில் இடம்பெற்றன. இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார்.

குருவான புதிதில் இதற்காக நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் வந்து, "எங்கள் இராயப்பரை எங்கே அனுப்பினீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. பாட்டனும் பூட்டனும் அப்பெயரால் அழைத்து அழுதிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இராயப்பன் என்றும் அருளப்பன் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். இன்றும் நம் ஆலயப் பலகைகளிலும் வீட்டு மன்றாட்டுகளிலும் அப்பெயர்கள் வாழ்கின்றன, இக்கட்டுரையிலும் வாழ்கின்றன. அவற்றை யாரும் பறிக்கவில்லை. பொதுவில் வாசிக்கும் புத்தகத்தில் மட்டும், மறு வீட்டாரும் உடனே அறிந்துகொள்ளும் பெயரை நாம் ஏற்றுக்கொண்டோம். ஒற்றுமைக்கு விலை உண்டு. நாம் செலுத்தியது மிகச் சிறிய விலை. சீர்திருத்த சபையினரில் பெரும்பாலோர் இன்றும் தங்கள் பழைய மொழிபெயர்ப்பையே வழிபாட்டில் வாசிக்கின்றனர். அதற்காக நாம் அவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. பழகிய சொல்லின்மேல் அன்பு நமக்கும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பெயர் வேறுபாட்டைத் தீர்த்துவிட்டால் யாவும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நற்கருணையைப் பற்றியும், குருத்துவத்தைப் பற்றியும், இராயப்பரின் வாரிசாகிய திருத்தந்தையின் பணியைப் பற்றியும் உண்மையான வேறுபாடுகள் உள்ளன. அவற்றை மூடி மறைப்பது ஒற்றுமையன்று. பொறுமையோடு பேசினால் முன்னேறலாம் என்பதற்குச் சான்று உண்டு. மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது எப்படி என்ற கேள்வியிலேதான் 16-ஆம் நூற்றாண்டில் பிளவு வெடித்தது. அதே கேள்வியைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 2006-இல் மெதடிஸ்த சபையாரும் 2017-இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதனோடு இணைந்தன.

அறிக்கைகள் ஆக்ஸ்பர்கில் எழுதப்படலாம்; அவை நம் தெருவில் வாழப்பட வேண்டும். முற்கூறிய ஊரில் வயது முதிர்ந்த கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் இருந்தார். கிழக்கு முனை ஆலயத்தைச் சேர்ந்தவரை மணந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். ஞாயிறுதோறும் இருவரும் வீட்டிலிருந்து ஒன்றாகவே புறப்படுவர். வாசலைத் தாண்டியதும் அவர் கிழக்கே போவார், இவர் மேற்கே வருவார். கணவர் இறந்து அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முப்பதாம் நாள் கழித்து அம்மூதாட்டி நம்மிடம் வந்தார். "சாமி, உயிரோடு இருந்த வரையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரிந்திருந்தோம். செத்த பிறகு எப்போதும் பிரிந்திருக்க வேண்டுமா? நான் அவர் பக்கத்தில் படுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது திருச்சபைச் சட்டத்துக்கு விரோதமானதன்று. தடைசெய்யப்படாத எவரும் தம் அடக்கத்துக்குரிய கல்லறைத் தோட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இடமளிக்கிறது. தடை சட்டத்தில் இல்லை; நம் மக்கள் நெஞ்சில் இருந்தது. நம் பங்குப் பேரவையில் சிலர், "நம் ஆலயத்துப் பெண்ணை அங்கே புதைத்தால் நமக்கு என்ன மதிப்பு?" என்றனர். அவர்கள் சேகரக் கமிட்டியிலும் சிலர், "கத்தோலிக்கக் குரு நம் தோட்டத்தில் வந்து செபிக்கலாமா?" என்றனர் என்று கேள்வியுற்றோம். அங்குள்ள சேகர குருவானவர் நல்லவர். அவரும் நாமும் தேநீர் அருந்தியபடி பலமுறை பேசினோம்; இரு பக்கத்துப் பெரியவர்களையும் ஒருநாள் ஒன்றாக அமர வைத்தோம். இரண்டாம் கூட்டத்தின் முடிவில், அவர் கணவருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கவும், அடக்கச் சடங்கை நாமே நிறைவேற்றவும் இரு சாராரும் இசைந்தனர்.

இரண்டாண்டுகளுக்குப் பின் அம்மூதாட்டி இறந்தார். இராயப்பர் ஆலயத்தில் திருப்பலி முடித்து, தெருவின் நீளமெல்லாம் நடந்து, பேதுரு ஆலயத்தைக் கடந்து சென்றோம். அவ்வாலயத்தாரும் மணியடித்து, வழியில் நம்மோடு சேர்ந்துகொண்டனர். இரு சபையாரும் ஒரே ஊர்வலமாக அத்தெருவில் நடந்தது அதுவே முதன்முறை என்று முதியோர் சொன்னார்கள். கிறிஸ்தவர் அல்லாத அயலார் தத்தம் வாசல்களில் எழுந்து நின்றனர். அன்று நாம் ஒலிபெருக்கி வைக்கவில்லை. ஆனால் உயிர்த்தெழுதலை நாம் உண்மையாகவே நம்புகிறோம் என்று அத்தெரு முதன்முதலாக அறிந்துகொண்டது அன்றுதான் என்பது நம் துணிபு.

இனி நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில கூறுவோம்.

முதலாவது, வீட்டில் நாவடக்கம். பிள்ளைகள் கேட்கப் பிற சபையாரை ஏளனம் செய்யாதிருப்போம். இராயப்பரும் பேதுருவும் ஒருவரே, சூசையும் யோசேப்பும் ஒருவரே என்று அவர்களுக்கு இளமையிலேயே சொல்லிக்கொடுப்போம்.

இரண்டாவது, ஒன்றாக வாசித்தல். ஒன்றிப்பு வாரத்தில் ஒருநாளாவது அண்டை வீட்டுப் பிற சபைக் குடும்பத்தை அழைத்து, நற்செய்தியில் ஒரு பகுதியை இரு மொழிபெயர்ப்பிலும் வாசித்து, ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சேர்ந்து சொல்வோம். வாதம் வேண்டாம். நோயாளியின் படுக்கையருகிலும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, சேர்ந்து உழைத்தல். வெள்ளமோ வறட்சியோ வந்தால் இரு ஆலயத்துப் பெண்களும் ஒரே அடுப்பில் சமைக்கட்டும். பசித்தவர் எந்தக் கோயில் சோறு என்று கேட்கமாட்டார். யார் பெயரால் பரிமாறப்பட்டது என்று கேட்பார்.

நான்காவது, கேட்பவர்க்கு விடை கூறல். நம் நம்பிக்கையைப் பற்றி யாரேனும் வினவினால் விளக்கம் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று தம் முதல் திருமுகத்தில் அறிவுறுத்துகிறவர் இராயப்பரே. வற்புறுத்துதலுக்கோ ஆசைகாட்டுதலுக்கோ பிறர் சமயத்தை இழித்துரைத்தலுக்கோ அங்கே இடமில்லை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1975-இல் எழுதிய நற்செய்தி அறிவிப்புப் பற்றிய திருமடலில், இக்காலத்தவர் போதகர்களைக் காட்டிலும் சாட்சிகளுக்கே செவிசாய்க்கின்றனர் என்னும் கருத்தை வலியுறுத்தினார். நம் வாழ்வைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்கட்டும். அப்போது தயங்காமல் கிறிஸ்துவின் பெயரைச் சொல்வோம்.

சாட்சியத்தின் உச்சியில் இப்பிரிவினைச் சுவர்கள் தாமே உதிர்ந்துபோகின்றன. உகாண்டா நாட்டில் 1885 முதல் 1887 வரை மன்னன் முவாங்காவின் ஆணையால் கிறிஸ்தவ இளைஞர் பலர் கொல்லப்பட்டனர். 1886 ஜூன் 3-ஆம் நாள் நமுகோங்கோவில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஒரே நாளில் தீயில் இடப்பட்டனர். கொலைஞர்கள் அவர்களுடைய சபையைக் கேட்கவில்லை. அவர்களுள் 22 கத்தோலிக்கரை 1964 அக்டோபர் 18-இல் புனிதராக உயர்த்திய திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், அதே பெயருக்காக உயிர் ஈந்த ஆங்கிலிக்கரையும் தம் மறையுரையில் நினைவுகூர்ந்தார்.

இராயப்பரும் சின்னப்பரும் எப்போதும் ஒத்த கருத்தினராய் இருந்தார்களா? இல்லை. அந்தியோக்கியாவில் சின்னப்பர் இராயப்பரை முகத்துக்கு முகம் எதிர்த்து நின்றதைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் மறைக்காமல் சொல்கிறது. பிறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்ணலாமா என்பதே அங்கே எழுந்த பிணக்கு. ஆயினும் இருவரும் ஒரே ஆண்டவரை அறிவித்தனர். ஒரே நகரில் இரத்தம் சிந்தினர். ஜூன் 29 அன்று திருச்சபை அவர்களை ஒரே விழாவில் போற்றுகிறது. முரண்பட்டவர்களை ஒரே பந்தியில் அமர்த்த வல்லவர் நம் ஆண்டவர். அப்பந்திக்கு நாம் நம் அயலாரையும் அழைத்துச் செல்வோமாக; வழியில் சந்திக்கும் சகோதரரை இனி அந்நியராக எண்ணாதிருப்போமாக.